எஞ்சினுக்கு மூச்சு உண்டு, இறக்கைக்கு இல்லை!

மழை பெய்தால் விமானம் நிற்கும். பனி மூடினால் நிற்கும். புயல் அடித்தால் நிற்கும்.

வெயில் அடித்து விமானம் நிற்குமா?

நின்றது. 2024-ம் ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், லடாக்கில் உள்ள லே நகரில் இது நடந்தது. சுற்றிலும் பனி மலைகள். ஆனால் ஊரில் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டியது. விமானங்கள் வரிசையாக ரத்து ஆயின. குழந்தை குட்டிகளோடு சுற்றுலா வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் விமான நிலையத்தில் காத்துக் கிடந்தார்கள்.

சென்னை மீனம்பாக்கத்தில் 40 டிகிரி வெயிலிலும் விமானங்கள் கிளம்புகின்றன. லே நகரில் அதைவிடக் குறைந்த வெயில் ஏன் விமானத்தைக் கட்டிப் போட்டது?

காரணம், ஊரின் உயரம். மீனம்பாக்கம் கடலோரத்தில் இருக்கிறது. லே விமான நிலையமோ கடல் மட்டத்துக்கு மேலே 10 ஆயிரத்து 682 அடி உயரத்தில் இருக்கிறது. நீலகிரியில் உள்ள தொட்டபெட்டா சிகரம்கூட 8 ஆயிரத்து 650 அடிதான்!

லே நகருக்குப் போகிறவை பெரிய ஜெட் விமானங்கள். அவற்றுக்கே இந்தக் கதி. அப்படியானால் நான்கு பேர், ஆறு பேர் உட்காரும் சின்ன விமானங்களின் பாடு என்ன? உலகத்தில் பல மலை ஊர்களுக்கு அந்தச் சின்ன விமானங்கள் தினமும் போய் வருகின்றன. 'டர்போ' என்ற கருவியின் பலத்தில் அவை ஏறுகின்றன. அந்தப் பலம் எவ்வளவு தூரம் காப்பாற்றும்? எந்த இடத்தில் கை விட்டுவிடும்?

மெலிந்த காற்று

உயரமான மலையில் சோறு வேக நேரமாகும். வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். கடற்கரை ஊரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. 10 ஆயிரம் அடி உயரத்தில் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. தண்ணீரை மேலே இருந்து அமுக்குகிற காற்று அங்கே குறைவு. அதனால்தான் மலை ஊர்களில் பிரஷர் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது.

காற்றுக்கும் எடை உண்டு. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் உள்ள பெட்டியில் கடலோரக் காற்றை அடைத்தால் அது சுமார் ஒன்றே கால் கிலோ இருக்கும். அதே பெட்டியில் 10 ஆயிரம் அடி உயரத்துக் காற்றை அடைத்தால் முக்கால் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் நடுவேதான் இருக்கும். நூற்றுக்கு 26 பங்கு காணாமல் போய்விடுகிறது.

வெயில் அடித்தால் காற்று விரிகிறது. விரிந்த காற்று இன்னும் மெலிந்து போகிறது. எனவே வெயில் ஏறினால், தரையில் நிற்கிற விமானத்துக்கு அது ஊரே உயர்ந்த மாதிரிதான். விமானிகள் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த உயரத்தில் வழக்கமாக இருக்க வேண்டிய வெப்பத்தைவிட ஒவ்வொரு டிகிரி கூடினாலும், ஊர் 120 அடி உயர்ந்ததாக வைத்துக் கொள்ள வேண்டும். லே நகரின் உயரத்துக்கு உரிய வெப்பம், பூஜ்யத்துக்குக் கீழே 6 டிகிரி. 33 டிகிரி வெயில் என்றால் 39 டிகிரி அதிகம். பெருக்கிப் பாருங்கள். 4 ஆயிரத்து 700 அடி வருகிறது! விமானம் நிற்பது 10 ஆயிரத்து 682 அடியில். ஆனால் அது உணர்வதோ 15 ஆயிரம் அடிக்கு மேலே!

மெலிந்த காற்றால் விமானத்துக்கு மூன்று நஷ்டம். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியக் காற்று போதாது. முன்னால் சுழலும் விசிறிக்குப் பிடித்துத் தள்ளக் காற்று போதாது. இறக்கையைத் தாங்கக் காற்று போதாது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். ஏனென்றால், டர்போ தீர்த்து வைப்பது முதல் நஷ்டத்தை மட்டும்தான்.

மலை உச்சிக்குப் போன எஞ்சின்

டர்போ பிறந்த கதை சுவையானது.

ஆல்பிரட் பியூச்சி என்ற சுவிட்சர்லாந்து எஞ்சினீயர் 1905-ம் ஆண்டிலேயே இதற்கு உரிமைப் பத்திரம் வாங்கினார். எஞ்சின் புகையை வெளியே தள்ளுகிறது அல்லவா? சூடாகவும் வேகமாகவும் வருகிற அந்தப் புகை வீணாகப் போகிறது. அதன் வழியில் ஒரு சிறு சக்கரத்தை வைத்தால் சக்கரம் சுழலும். அதே அச்சின் மறு முனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால், அது வெளிக் காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் திணிக்கும். செலவு இல்லாத சக்தி! இன்று நம் ஊர் நெடுஞ்சாலைகளில் ஓடும் லாரிகளிலும் பஸ்களிலும் இருக்கிற டர்போ இதுதான்.

முதல் உலக யுத்தத்தின்போது அமெரிக்க ராணுவத்துக்கு இது தேவைப்பட்டது. உயரத்தில் பறக்கிற யுத்த விமானங்களின் எஞ்சின்கள் மூச்சுத் திணறின. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியைச் சேர்ந்த சான்பர்டு மாஸ் என்பவர் ஒரு டர்போவைச் செய்தார். அதை எப்படிச் சோதிப்பது? ஆகாயத்தில் சோதித்தால், கோளாறு வந்தால் ஆள் தப்ப மாட்டான். மாஸ் ஒரு யோசனை செய்தார். எஞ்சின் ஆகாயத்துக்குப் போவதற்குப் பதில், மலை உச்சிக்குப் போகட்டும்!

1918-ம் ஆண்டில் 'லிபர்ட்டி' என்ற எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தில் உள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டு போனார்கள். உயரம் 14 ஆயிரம் அடிக்கு மேல். சமவெளியில் அந்த எஞ்சின் 350 குதிரை சக்தி கொடுத்தது. மலை உச்சியில் டர்போ இல்லாமல் ஓட்டினார்கள். 230 குதிரை சக்திதான் வந்தது. 120 குதிரைகள் மாயம்! பிறகு டர்போவை இணைத்து ஓட்டினார்கள். 356 குதிரை சக்தி வந்தது. சமவெளியில் கொடுத்ததைவிட 6 அதிகம்!

இன்று செஸ்னா 206 வகையின் டர்போ விமானத்திலும், சிர்ரஸ் எஸ்.ஆர். 22 டி விமானத்திலும் இருப்பது அந்த மலை உச்சிச் சோதனையின் வாரிசுதான். சிர்ரஸ் விமானத்தின் 315 குதிரை சக்தி எஞ்சின், கடற்கரையில் கொடுக்கிற சக்தியை மலையிலும் கொடுக்கிறது.

லெட்வில் ஊர்

அதே கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்று ஒரு சிறு ஊர் உண்டு. 19-ம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கத்தால் செழித்த ஊர். அங்கே உள்ள லேக் கவுண்டி விமான நிலையம் 9 ஆயிரத்து 934 அடி உயரத்தில் இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே மிக உயரத்தில் உள்ள விமான நிலையம் அதுதான். ஓடுபாதையின் நீளம் 6 ஆயிரத்து 400 அடி. பக்கத்தில் எல்பர்ட் சிகரம் 14 ஆயிரத்து 400 அடிக்கு மேல் நிற்கிறது.

டிக்கெட் வாங்கிக் கொண்டு ஏறுகிற விமானம் எதுவும் அங்கே வருவதில்லை. ஆனால் சின்ன விமானம் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஊர் ஒரு திருத்தலம் மாதிரி. அங்கே இறங்கிய விமானிக்கு ஒரு சான்றிதழ் கொடுக்கிறார்கள். சட்டம் போட்டு மாட்டி வைத்துக் கொள்ளலாம். ஹெலிகாப்டர் கம்பெனிகள் தங்கள் புது எந்திரங்களைச் சோதிப்பதற்கும் அங்கே வருகின்றன.

ஜூலை மாதப் பிற்பகல். வெப்பம் 20 டிகிரி. நமக்கு அது குளிர். ஆனால் அந்த உயரத்துக்கு உரிய வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி. கணக்குப் போட்டால் விமானம் உணருகிற உயரம் 13 ஆயிரம் அடி! டர்போ இல்லாத விமானம் அந்த நேரத்தில் ஓடுபாதையின் கடைசி வரை ஓடியும் எழும்பத் திண்டாடும்.

டர்போ விமானம்? எஞ்சின் கர்ஜிக்கிறது. கடிகார முட்கள் எல்லாம் கடற்கரையில் காட்டியதையே காட்டுகின்றன. விமானிக்கு உற்சாகம். இங்கேதான் ஏமாற்றம் ஆரம்பம் ஆகிறது.

இறக்கைக்கு டர்போ கிடையாது

இறக்கைக்கு யாரும் காற்றை அமுக்கிக் கொடுப்பதில்லை. மெலிந்த காற்றில் அது அதே பாரத்தைத் தூக்க வேண்டும். ஒரே வழி, அதிக வேகமாக ஓடுவது. கடற்கரையில் மணிக்கு 70 மைல் வேகத்தில் எழும்புகிற விமானம், அந்தப் பிற்பகலில் லெட்வில்லில் தரையில் மணிக்கு 85 மைல் வேகத்தில் ஓடினால்தான் எழும்பும்.

இதில் ஒரு வேடிக்கை. விமானியின் முன்னால் இருக்கிற வேகமானி அப்போதும் 70 என்றுதான் காட்டும்! அந்தக் கருவி, எதிரே வந்து மோதும் காற்றின் விசையை அளந்து வேகம் சொல்கிறது. மெலிந்த காற்று மெதுவாக மோதுகிறது. கருவி பொய் சொல்லவில்லை. இறக்கைக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அதைத்தான் சொல்கிறது. ஆனால் தரை ஓடுகிற வேகத்தைக் கண்ணால் பார்க்கிற புது விமானி, 'வேகம் வந்துவிட்டது' என்று நினைத்து மூக்கைத் தூக்கிவிடுகிறான். விமானம் ஒரு துள்ளுத் துள்ளி, ஆளைக் கவிழ்க்கிறது. பழகியவர்கள் கண்ணை நம்புவதில்லை. கருவியைத்தான் நம்புகிறார்கள்.

எஞ்சின் முழு பலத்தோடு இருந்தாலும் அந்தப் பிற்பகலில் ஓடுகிற தூரம் ஒன்றரை மடங்கு ஆகும். விசிறியின் பிடியும் குறைவதால் அதற்கு மேலும் ஆகலாம். எனவே மலை விமானிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஓடுபாதையின் நடு இடத்தை முன்பே அடையாளம் பார்த்துக் கொள்ள வேண்டும். எழும்புவதற்குத் தேவையான வேகத்தில் நூற்றுக்கு 70 பங்கு அந்த இடத்துக்குள் வரவில்லையா? பிரேக் போட்டு நிறுத்திவிட வேண்டும். 'இன்னும் கொஞ்சம் பார்ப்போம்' என்று நினைக்கக் கூடாது.

இறங்கும்போதும் அதே கதைதான். 85 மைல் வேகத்தில் தரையைத் தொடுகிறது. நிறுத்துவதற்குப் பிரேக்குகள் ஒன்றரை மடங்கு வேலை செய்ய வேண்டும்.

சிவப்புக் கைப்பிடி

இனி எஞ்சினைப் பார்க்கலாம். டர்போ விமானத்தை மலையில் ஓட்டுகிறவர்களை அதிகமாகத் திகைக்க வைப்பது ஒரு சிறு கைப்பிடி. பெட்ரோலும் காற்றும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற கலவைக் கைப்பிடி அது. பெரும்பாலும் சிவப்பு நிறத்தில் இருக்கும்.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 15 கிலோ காற்று வேண்டும். மலையில் காற்று குறைவு. பெட்ரோலையும் குறைக்காவிட்டால் எஞ்சின் பெட்ரோலில் மூழ்கி இருமும். எனவே டர்போ இல்லாத விமானத்தில், உயரமான ஊரிலிருந்து கிளம்பும் முன்பு விமானி பெட்ரோலைக் குறைத்துக் கொள்கிறான். இது பால பாடம்.

டர்போ விமானத்துக்கு இது தலைகீழ். முழு வேகத்தில் டர்போ காற்றைத் திணிக்கிறது. எஞ்சினுக்கு அது கடற்கரை மாதிரிதான். எனவே பெட்ரோலும் முழுதாக வேண்டும். கூடுதலாகப் போகும் பெட்ரோல் எஞ்சினைக் குளிர வைக்கவும் உதவுகிறது. பழைய பழக்கத்தில் இங்கே பெட்ரோலைக் குறைத்தால், எஞ்சின் அளவு மீறிச் சூடாகிப் பாழாகும்.

சரி, அப்படியானால் கைப்பிடியை எப்போதும் முழுதாகவே வைத்துவிடலாமா? அங்கேதான் பொறி இருக்கிறது.

டர்போவைச் சுழற்றுவது புகை. எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை குறைவு. புகை குறைந்தால் டர்போ தூங்கிவிடும். அப்போது அதுவும் டர்போ இல்லாத எஞ்சின்தான். லெட்வில் ஓடுபாதையில் விமானம் அழகாக இறங்குகிறது. விமானி கடற்கரைப் பழக்கத்தில் கலவைக் கைப்பிடியை முழுதாகத் தள்ளி வைத்திருக்கிறான். வேகக் கைப்பிடியை முழுதாகக் குறைக்கிறான். டர்போ தூங்குகிறது. காற்று இல்லை. பெட்ரோல் மட்டும் பாய்கிறது. விசிறி படபடவென்று அடித்து நின்றுவிடுகிறது. ஓடுபாதையின் நடுவே ஊமையாக நிற்கிறது, லட்சக் கணக்கில் பணம் கொடுத்து வாங்கிய விமானம்!

தரையில் நின்றால் வெட்கத்தோடு போயிற்று. பின்னால் இன்னொரு விமானம் இறங்கி வந்தால் அதுவும் இல்லை. தரையைத் தொடும் முன்பே நின்றால்?

பரிகாரம் எளியது. தரையில் மெதுவாக ஓட்டிப் போகும்போது பெட்ரோலைக் குறைத்துக் கொள்ள வேண்டும். கிளம்பும்போது முழுதாகத் திறக்க வேண்டும். இறங்கும்போது எஞ்சின் சீராக ஓடும் அளவுக்கு மட்டும் வைத்து, மறுபடி மேலே எழும்ப நேர்ந்தால் வேகக் கைப்பிடியோடு அதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். மனம் இதை ஒரு நிமிஷத்தில் ஒப்புக் கொண்டுவிடும். கைக்குத்தான் பல நாள் பயிற்சி வேண்டும்.

சில விமானங்களில் கூடுதல் பெட்ரோல் பம்பு ஒன்று உண்டு. அதைப் பெரிய அளவில் போட்டுவிட்டு எஞ்சினை மெதுவாக ஓட விட்டாலும் இதே மூழ்கல்தான். எந்த விமானத்தில் எந்தப் பம்பை எப்போது போடுவது என்பதை அந்தந்த விமானத்தின் கையேடு சொல்கிறது. ஒரு விமானத்தின் பழக்கத்தை இன்னொரு விமானத்தில் காட்டுகிறவன் ஆபத்தானவன்.

அவசரமும் ஆகாது. இறங்கப் போகும் சமயத்தில் ஓடுபாதையில் ஏதோ குறுக்கே வருகிறது. விமானி கைப்பிடியைத் தடாலென்று முழுதாகத் தள்ளினால் என்ன ஆகும்? டர்போ விழித்துக் கொண்டு வேகம் பிடிக்கச் சிறிது நேரம் ஆகும். அது வரை எஞ்சினில் பாதி பலம்தான். பிறகு திடீரென்று அளவுக்கு மேல் காற்று பாயும். தானாக அளவைக் கட்டுப்படுத்தும் அடைப்பான் இல்லாத விமானங்களில், காற்று மிதமிஞ்சிப் போய் எஞ்சின் வெடித்துப் போகவும் கூடும். அடைப்பான் உள்ள விமானத்திலும், அதை இயக்குவது எஞ்சின் ஆயில்தான். காலைக் குளிரில் ஆயில் தேன் மாதிரி கெட்டியாக இருந்தால் அடைப்பான் சோம்பல் படும். எனவே எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகே கிளம்ப வேண்டும். பிரேக்கைப் பிடித்துக் கொண்டு, முழு பலம் வந்துவிட்டதா என்று கடிகாரத்தைப் பார்த்து, அதற்குப் பிறகே பிரேக்கை விட வேண்டும்.

ஒரு கிளாம்ப் செய்த கொலைகள்

டர்போவின் புகைச் சக்கரம் நிமிஷத்துக்குப் பல பதினாயிரம் சுற்றுச் சுற்றுகிறது. அதில் பாயும் புகை 900 டிகிரி வரை சூடேறுகிறது. இரும்பு செக்கச் செவேல் என்று பழுக்கிற சூடு அது. இறங்கிய பிறகு எஞ்சினைச் சில நிமிஷம் மெதுவாக ஓட விட்டு, ஆற வைத்துத்தான் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பேரிங்கில் தங்கிய ஆயில் கரியாகிவிடும்.

அந்தக் கொதிக்கும் புகைக் குழாயை டர்போவோடு சேர்த்துப் பிடிப்பது ஒரு வளையக் கிளாம்ப். கையளவு சாமான். அது விரிசல் கண்டு பிரிந்தால், பழுத்த புகை எஞ்சின் அறைக்குள்ளேயே பாயும். பெட்ரோல் குழாயும் ஆயில் குழாயும் பக்கத்தில்தான் இருக்கின்றன. தீப்பிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? இப்படிப் பல விபத்துகள் நடந்து, உயிர்களும் போயின.

2023-ம் ஆண்டில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு கட்டாய உத்தரவு போட்டது. டர்போ பொருத்திய பெட்ரோல் எஞ்சின் விமானங்களில் இந்தக் கிளாம்புகளைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும். துண்டுகளைப் புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்துச் செய்த கிளாம்புகளை, 500 மணி நேரம் ஓடியதும் கழற்றி எறிந்துவிட வேண்டும். நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் எறிய வேண்டும். இத்தனை பேர் சாகும் வரை காத்திருக்க வேண்டுமா என்று விமானிகளின் குடும்பங்கள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். ஆனாலும் உத்தரவு நல்ல உத்தரவு.

பெட்ரோலிலும் ஒரு மாறுதல் வருகிறது. இந்த எஞ்சின்கள் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிப் பழகியவை. ஈயம், பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடிக்காமல் தடுக்கிறது. அமுக்கிய சூடான காற்றில் ஓடும் டர்போ எஞ்சினுக்கு அந்தப் பாதுகாப்பு மிகவும் தேவை. ஆனால் ஈயப் புகை குழந்தைகளின் மூளைக்குக் கெடுதல். 2030-க்குள் ஈயப் பெட்ரோலை ஒழிப்பது என்று 2022-ம் ஆண்டில் அமெரிக்காவில் இலக்கு வைத்தார்கள். மாற்றுப் பெட்ரோல் சரியாக அமைய வேண்டும் என்று மற்றவர்களைவிட அதிகமாகக் கவலைப்பட வேண்டியவர்கள் டர்போ விமானக்காரர்கள்தான்.

இரண்டு துயரங்கள்

1970-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி. விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து வீரர்கள், உட்டா மாநிலத்தில் ஆட்டம் ஆடுவதற்காக இரண்டு விமானங்களில் புறப்பட்டார்கள். டென்வர் நகரில் பெட்ரோல் போட்டுக் கொண்டார்கள். ஒரு விமானம் வழக்கமான பாதையில் போய் ஒழுங்காகச் சேர்ந்தது. மற்றொன்று, மலைக் காட்சியைக் காட்டுவதற்காகப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது.

பள்ளத்தாக்கின் தரை மேலேறிக் கொண்டே போயிற்று. எதிரே 12 ஆயிரம் அடி உயரத்தில் லவ்லாண்டு கணவாய். விமானத்தில் அளவுக்கு மேல் பாரம். ஏற முடியவில்லை. திரும்பவும் இடம் இல்லை. மலைச் சரிவில் மோதியது. 40 பேரில் 31 பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் கல்லூரிப் பிள்ளைகள்.

அது சின்ன விமானம் அல்ல. அதன் எஞ்சின்களிலும் காற்றை அமுக்கித் தரும் கருவி இருந்தது. இருந்தும் பயன் இல்லை. மெலிந்த காற்றில் விமானம் வேகமாகப் போகிறது என்று பார்த்தோம். வேகமாகப் போகிற விமானம் திரும்பவும் அதிக இடம் வேண்டும். கடற்கரையில் ஒரு மைல் வட்டத்தில் திரும்பினால், 13 ஆயிரம் அடியில் ஒன்றரை மைல் வேண்டும். பள்ளத்தாக்கோ போகப் போகக் குறுகுகிறது! கணவாயைத் தாண்டும் உயரத்தைப் பள்ளத்தாக்கில் நுழையும் முன்பே எட்டிவிட வேண்டும். மலை முகட்டை நேராக நோக்கிப் போகாமல் சாய்வாக நெருங்க வேண்டும். அப்போதுதான் வேண்டாம் என்றால் லேசாகத் திரும்பித் தப்பலாம்.

இன்னொரு துயரம் 1996-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி நடந்தது. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, அமெரிக்காவைக் குறுக்காகப் பறந்து சாதனை செய்யப் போகிறாள் என்று பத்திரிகைகளும் டெலிவிஷனும் கொண்டாடின. கூடவே அவளுடைய தகப்பனார். விமானத்தை உண்மையில் பொறுப்பேற்று ஓட்டியவர் ஒரு பயிற்சி ஆசிரியர். டர்போ இல்லாத செஸ்னா விமானம். வயோமிங் மாநிலத்தில் உள்ள ஷெயன் நகரில் இரவு தங்கினார்கள். உயரம் 6 ஆயிரத்து 100 அடிக்கு மேல். காலையில் இடி மழை நெருங்கிக் கொண்டிருந்தது. விமானத்தில் அனுமதித்ததைவிடச் சுமார் 100 ராத்தல் கூடுதல் பாரம். இருந்தும் கிளம்பினார்கள். எழும்பிய சிறிது நேரத்தில் விமானம் விழுந்தது. மூவரும் இறந்தார்கள். அந்த ஆண்டிலேயே, லைசென்சு இல்லாத குழந்தைகள் சாதனைக்காக விமானம் ஓட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

அந்த விமானத்தில் டர்போ இருந்திருந்தால் தப்பியிருக்குமா? எஞ்சினுக்குக் கொஞ்சம் பலம் கூடியிருக்கும். ஆனால் பாரத்தையும் மழையையும் அவசரத்தையும் டர்போ குறைத்திருக்காது. டர்போ உள்ள விமானத்தில் பாரம் ஏற்றும் ஆசை அதிகம் என்பதுதான் உண்மை. பலமான மாடு என்றால் வண்டியில் இன்னும் இரண்டு மூட்டை போடத் தோன்றுகிறது அல்லவா?

விமானிக்கும் மூச்சு வேண்டும்

எஞ்சினுக்கு டர்போ இருக்கிறது. விமானிக்கு? டர்போ விமானம் 25 ஆயிரம் அடி வரை சுகமாக ஏறிவிடும். ஏறிய மனிதன் அங்கே பிராணவாயு இல்லாமல் மூன்று முதல் ஐந்து நிமிஷம் வரைதான் புத்தியோடு இருப்பான். இதில் கொடுமை என்னவென்றால், மயக்கம் வருவதற்கு முன்பு ஒரு சந்தோஷம் வரும். எல்லாம் நன்றாக நடப்பது போலத் தோன்றும்.

அமெரிக்கச் சட்டப்படி 12 ஆயிரத்து 500 அடிக்கு மேல் அரை மணிக்கு அதிகமாகப் பறந்தால் விமானி பிராணவாயு எடுத்துக் கொள்ள வேண்டும். 14 ஆயிரம் அடிக்கு மேல் எப்போதும் எடுக்க வேண்டும். 15 ஆயிரம் அடிக்கு மேல் பயணிகளுக்கும் கொடுக்க வேண்டும். பகலில் 10 ஆயிரம் அடியிலிருந்தும், இரவில் 5 ஆயிரம் அடியிலிருந்துமே எடுத்துக் கொள்வது நல்லது என்று அதிகாரிகள் யோசனை கூறுகிறார்கள். இருட்டில் கண் பார்வைதான் முதலில் மங்குகிறது. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கு வந்ததே, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், அதைப் பல விமானிகள் மாட்டிக் கொண்டுதான் மலைக்குப் போகிறார்கள். சமவெளியிலிருந்து ஒரே மூச்சில் வந்து லெட்வில்லில் இறங்குகிறவனுக்குத் தலை லேசாக இருக்கும். அந்தத் தலையை வைத்துக் கொண்டுதான் அவன் சிவப்புக் கைப்பிடியின் கணக்கைச் சரியாகப் போட வேண்டும்.

லெட்வில்லுக்குப் பழகிய விமானிகள் கோடை காலத்தில் விடியற்காலையில் வருகிறார்கள். அப்போது காற்று குளிர்ந்து கனமாக இருக்கும். மலை முகட்டில் காற்று மணிக்கு 25 கடல் மைலுக்கு மேல் வீசினால் வருவதே இல்லை. பெட்ரோல் டாங்கை முழுதாக நிரப்புவதில்லை. அடுத்த ஊருக்கும் ஆபத்துக்கும் வேண்டியதை மட்டும் போடுகிறார்கள். நாலு பேர் வந்திருந்தால், சில சமயம் இரண்டு பேரைக் காரில் அனுப்பிவிட்டு, கீழே உள்ள ஊரில் ஏற்றிக் கொள்கிறார்கள். காபி குடித்து, சான்றிதழ் வாங்கி, படம் எடுத்துக் கொண்டு, 10 மணிக்குள் கிளம்பிவிடுகிறார்கள். பகல் ஏறினால் வெயிலும், அதன் பின்னால் இடி மழையும் வரும். நேரம் தவறிவிட்டால் விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு, இரவு ஊரிலேயே தங்கி, மறுநாள் விடியற்காலையில்தான் புறப்படுகிறார்கள்.